பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் மின்ரயில் நிலையத்துக்கு 'பார்க்' என்று பெயர். அந்த வட்டாரத்துக்குப் 'பார்க் டவுன்' என்று பெயர். ஆனால் இறங்கிப் பார்த்தால் சாலை, சுரங்கப்பாதை, ஆஸ்பத்திரி, ஆட்டோக்கள்தான். "அங்கே நிஜமாகவே ஒரு பூங்கா இருந்ததா, இருந்தால் அது என்ன ஆயிற்று?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருந்தது. சின்னப் பூங்காவும் இல்லை, 116 ஏக்கர். 'பீப்பிள்ஸ் பார்க்' என்று பெயர். இன்றைய செம்மொழிப் பூங்கா சுமார் இருபது ஏக்கர் என்பதை நினைத்துக்கொண்டால் அதன் பரப்பு புரியும். தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை, மேற்கே சைடன்ஹாம்ஸ் சாலை, கிழக்கே இன்று சென்ட்ரலின் தண்டவாளங்கள் கிடக்கும் பக்கம் என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நேரு ஸ்டேடியம், ரிப்பன் மாளிகை, விக்டோரியா பப்ளிக் ஹால், புறநகர் ரயில் முனையம், அல்லிக்குளம் வணிக வளாகம், மை லேடீஸ் பூங்கா எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் வரும். பார்க் ஸ்டேஷன் மட்டும் சாலைக்கு இந்தப் புறம், கட்டத்துக்கு வெளியே. பூங்காவுக்கு எதிரே இருந்ததால் வந்த பெயர். பூங்கா போய்விட்டது, எதிரே இருந்ததற்குப் பெயர் நின்றுவிட்டது.

முதலில், அந்த இடத்தில் ஏன் ஒரு பூங்கா வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1850களின் சென்னையை நினைத்துப் பாருங்கள். இன்று ஜார்ஜ் டவுன் என்கிறோமே, அதற்கு அப்போது பெயர் கறுப்பர் நகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெயரை மாற்றினார்கள். ஊரின் வியாபாரமும் கூட்டமும் அதற்குள்தான். மேற்குப் பக்கம் ஒரு மதில் ஓடியது. மதில் கட்டிய செலவை மக்களிடம் வரியாக வசூலிக்கத் திட்டம் போட்டார்கள், அது நடக்கவில்லை என்பார்கள். ஆனால் வரியின் பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டது: வால்டாக்ஸ் ரோடு. (இந்த வட்டாரத்துக்கே அப்படி ஒரு ராசி. வசூலாகாத வரிக்கு ஒரு சாலை, இல்லாத பூங்காவுக்கு ஒரு ஸ்டேஷன்.)

உள்ளே ஒட்டியொட்டி வீடுகள், குறுகலான தெருக்கள். திறந்தவெளி என்று இருந்தது கோட்டையைச் சுற்றிய மைதானமும் தீவுத்திடலும். அவை பட்டாளத்தின் பிடியில் இருந்தவை. மெரினாவில் நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தது 1880களில், கிராண்ட் டஃப் கவர்னராக இருந்தபோது. அதற்கு முன் சாயங்காலம் காற்று வாங்கப் போவது என்பது வண்டியும் குதிரையும் உள்ளவர்களின் பழக்கம். தங்கசாலைத் தெருவில் கடை வைத்திருந்த ஒருவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார வேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

இந்தச் சமயத்தில் 1859 மார்ச்சில் கவர்னராக வந்து சேர்ந்தார் சார்லஸ் ட்ரெவெல்யன். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மெக்காலேயின் தங்கையைக் கட்டியவர். இளம் வயதில் டெல்லியிலும் கல்கத்தாவிலும் வேலை பார்த்துவிட்டு லண்டன் திரும்பி, கஜானா இலாகாவில் சுமார் இருபது வருடம் இருந்தார். அரசு வேலைக்குச் சிபாரிசு கூடாது, பரீட்சை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று 1854இல் வந்த அறிக்கையில் இவருக்குப் பாதிப் பங்கு. இன்று டி.என்.பி.எஸ்.சி.க்கு ராத்திரி பகலாகப் படிப்பவர்கள் தங்கள் கஷ்டத்தின் மூலவர்களில் ஒருவராக இவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதே ஆள்தான் 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தபோது நிவாரணத்தின் கணக்கைக் கையில் வைத்திருந்தவர். இறுக்கிப் பிடித்துச் செலவு செய்தார் என்பதற்காக அயர்லாந்தில் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சென்னைக்கு வந்தபோதோ கை தாராளம். எது நிஜ ட்ரெவெல்யன் என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. இரண்டும் அவர்தான்.

அவர் தலையில் இருந்த யோசனை அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை பூங்கா என்றால் ராஜாவுடையது, பிரபுவுடையது. பிரபு மனசு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்துவிடுவார். ஊராட்சியின் பணத்தில், ஊர் ஜனங்களுக்கென்றே ஒரு பூங்கா என்பது புதுசு. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் 1847இல் அப்படி ஒன்றைத் திறந்தார்கள். அதைப் போய்ப் பார்த்து அசந்துபோன அமெரிக்கர் ஃபிரெடெரிக் ஓல்ம்ஸ்டெட், பிற்பாடு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவரானார். அந்தப் பூங்காவின் முதல் பகுதி 1858இல் திறந்தது. சென்னையில் வேலை ஆரம்பித்தது 1859இல். ஒரே ஒரு வருட வித்தியாசம். நாம் எப்போதும் ஐம்பது வருடம் பிந்தித்தான் ஓடுகிறோம் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்லிக்காட்டுவதுண்டு.

'பீப்பிள்ஸ்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். 1857 கிளர்ச்சி முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்திருந்த நேரம். கவர்னர் பெயரையோ ராணி பெயரையோ வைக்காமல், ஜனங்களின் பூங்கா என்று பெயர் வைத்தது சும்மா வைத்தது இல்லை. ஜனங்களோ முன்பாதியை விட்டுவிட்டார்கள். பேச்சில் அது 'பார்க்கு', அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்ன இருந்தது? பதினோரு குளங்கள். ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள். பாண்டு வாசிக்க ஒரு மேடை, பொதுக் குளியல் இடம், பிற்பாடு டென்னிஸ் ஆடும் தளங்கள், எல்லாவற்றுக்கும் மேலே மிருகக்காட்சி சாலை. பதினோரு குளங்கள் எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. அழகுக்குத்தான். ஆனால் அது தாழ்வான பூமி என்பதையும் மறக்கக் கூடாது. தாழ்வான இடத்தில் தோட்டம் போடுகிறவர்கள் ஒரு பக்கம் தோண்டி அந்த மண்ணை இன்னொரு பக்கம் கொட்டி மேடாக்குவார்கள். தோண்டிய பள்ளம் குளமாகி மழைத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும், மேட்டில் பாதை போகும், மரம் நிற்கும். அந்தக் குளங்களில் ஒன்றின் பெயர்தான் இன்று அல்லிக்குளம் என்ற கடை வளாகத்தில் இருக்கிறது. குளத்தை மூடிக் கடை கட்டிவிட்டோம். ஐப்பசி மழையில் அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது, பதினோரு குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் இது என்று நினைத்துக்கொள்வேன்.

ட்ரெவெல்யன் தான் ஆரம்பித்த பூங்காவின் மரங்கள் வளர்வதை இருந்து பார்க்கவில்லை. சுமார் பதினைந்து மாதத்தில் அவர் பதவி போயிற்று. காரணம் வருமான வரி. 1857க்குப் பிறகு காலியான கஜானாவை நிரப்பக் கல்கத்தாவில் வைஸ்ராய் சபையின் நிதி மெம்பர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரி கொண்டுவந்தார். சென்னை ராஜதானிக்கு அது வேண்டாம், செலவைக் குறைத்தால் போதும் என்று ட்ரெவெல்யன் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் தன் மறுப்பைப் பத்திரிகைகளில் வெளிவரும்படி செய்தார். மேலிடத்துக்கு எதிராக ஒரு கவர்னர் பத்திரிகைக்குப் போனால் சும்மா விடுவார்களா? திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வரி வந்தது. கொண்டுவந்த வில்சன் அதே வருடம் ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்துபோனார். ட்ரெவெல்யன் இரண்டு வருடம் கழித்து அதே நிதி மெம்பர் நாற்காலிக்கே வந்து உட்கார்ந்தார் என்பது கதையின் வேடிக்கையான முடிவு. சென்னையில் அவர் விட்டுப்போன இன்னொரு பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்: வடக்கே 'ட்ரெவெல்யன் பேசின்' என்றொரு நீர்த்தேக்கம் இருந்தது, அதில் 'ட்ரெவெல்யன்' உதிர்ந்து 'பேசின்' தங்கிற்று. சென்ட்ரலுக்குள் நுழையுமுன் ரயில்கள் எல்லாம் மூச்சுவாங்கி நிற்குமே, அந்தப் பேசின் பிரிட்ஜ்.

ஜனங்களைப் பார்க்குக்கு இழுத்தது பூவும் புல்லும் அல்ல. புலி. இதற்கு எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டரிடம் போக வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது அதன் பொறுப்பாளர் இவர்தான். கல்லும் எலும்பும் பாடம் பண்ணிய உடல்களும் வைத்துப் பார்த்தார். உயிரோடு ஒரு புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வளாகத்தில் வைத்ததும் கூட்டம் அள்ளியது. ஆற்காட்டு நவாபிடமிருந்த மிருகங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். 1855இல் அது முறையான மிருகக்காட்சி சாலையாயிற்று. அடுத்த வருடமே முந்நூறுக்கு மேல் உயிரினங்கள். மியூசியத்தில் இத்தனை கூண்டுகளுக்கு இடமில்லை. கிட்டத்தட்ட அதே சமயம் பக்கத்தில் ஒரு பெரிய பூங்கா தயாராகிக்கொண்டிருந்தது. 1860களின் தொடக்கத்தில் மிருகங்கள் எழும்பூரிலிருந்து பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோயின.

அப்புறம் சென்னைத் தமிழில் இரண்டு அருமையான பெயர்கள் பிறந்தன. எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. பார்க்கில் இருந்தது 'உயிர் காலேஜ்'. இரண்டுக்கும் ஒரே தகப்பன் என்பது தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, பெயர் அவ்வளவு பொருத்தம். செத்ததையும் உயிரோடு இருப்பதையும் பார்த்துப் படிக்கிற இடம், அதனால் காலேஜ். காணும் பொங்கல் அன்று வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு காலேஜும் பார்த்துவிட்டு, பீச்சுக்குப் போய்விட்டுத் திரும்புவார்கள்.

உயிர் காலேஜை அதன் கடைசிக் காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். முதலில் வந்து சேர்வது வாசனை. கண்ணுக்கு ஒன்றும் தெரிவதற்கு முன்னால் ஈரச் சிமெண்டும் பழைய மாமிசமும் வைக்கோலும் கலந்த ஒரு நெடி. அப்புறம் கம்பிகள். சிங்கம் கூண்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடக்கும், திரும்பும், நடக்கும். திரும்புகிற இடத்தில் மட்டும் சிமெண்டுத் தரை தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அதைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, சிங்கத்தின் முகத்தைவிட அந்தத் தேய்ந்த இடம்தான் இன்னும் கண்ணில் இருக்கிறது. வெளியே சென்ட்ரலில் எஞ்சின் ஊதும். ஊதும்போதெல்லாம் ஒரு மயில் பதில் சொல்லும்.

பூங்காவின் சோகமான நாள் 1886 டிசம்பர் 31. வருடக் கடைசியில் பூங்காவில் ஒரு சந்தைத் திருவிழா நடக்கும். கடைகள், வேடிக்கைகள், ராட்டினம், ஊரே திரண்டுவரும். தற்காலிகமாகக் கட்டிய கீற்றுக் கொட்டகைகளில் தீ பிடித்தது. காய்ந்த ஓலை எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெருப்பிலும் நெரிசலிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். புதுவருடம் பிறந்தபோது ஊரில் இழவு விழாத தெருவே இல்லாத மாதிரி இருந்திருக்கும். ஆனாலும் வருடக் கடைசிப் பொருட்காட்சி என்ற வழக்கம் நிற்கவில்லை. 'பார்க் ஃபேர்' என்ற சொல் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. தீவுத்திடலில் பொங்கலையொட்டி இன்றும் பொருட்காட்சிக்குப் போகிறோமே, அந்தப் பழக்கத்தின் பழைய முகவரி இதுதான்.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பூங்கா எப்படிப் போயிற்று? 'இன்றோடு பூங்காவை எடுத்துவிடுகிறோம்' என்று யாரும் எந்த நாளிலும் உத்தரவு போடவில்லை. போட்டிருந்தால் ஒருவேளை எதிர்த்திருப்பார்கள். ஒரு நல்ல காரியம் வரும். அதற்கு இடம் வேண்டும். விலை கொடுத்து வாங்கினால் கட்டுப்படியாகாது. பக்கத்திலேயே 116 ஏக்கர் சும்மா கிடக்கிறதே! மூலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இதே கேள்வியை நூறு வருடத்தில் பலமுறை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள், நல்ல மனசோடு கேட்டார்கள்.

முதலில் வந்தது ஊருக்கு ஒரு பொது மண்டபம். விக்டோரியா ராணியின் ஆட்சிப் பொன்விழாவையொட்டிய கட்டடம், கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்தது, நம்பெருமாள் செட்டி கட்டியது. பூங்காவின் தெற்கு ஓரத்தில், 1888இல் 99 வருடக் குத்தகைக்கு நிலம் கொடுத்தார்கள். கட்டடம் என்னவோ அற்புதம். சிவப்புச் செங்கல், வளைவுகள், ஒரு பக்கம் சதுரக் கோபுரம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. விவேகானந்தர் சிகாகோவிலிருந்து திரும்பி 1897 பிப்ரவரியில் இங்கே பேசினார். 1890களின் கடைசியில் சென்னைக்காரர்கள் முதன்முதலாக ஓடும் படத்தைப் பார்த்ததும் இங்கேதான். இதைப் பூங்காவின் நஷ்டம் என்று எழுத எனக்கே கை வரவில்லை.

அடுத்தது மூர் மார்க்கெட். பிராட்வே பக்கம் குஜிலிக் கடைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தன. குஜிலி என்றால் சாயங்காலச் சந்தை, பழைய சாமான், மலிவு சாமான், சில சமயம் யாருடையது என்று கேட்கக் கூடாத சாமான். அவர்களை ஒழுங்காக ஓரிடத்தில் உட்கார வைக்க மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் முயற்சி எடுத்தார். 1898இல் அடிக்கல், 1900இல் திறப்பு. இடம்? பூங்காதான்.

மூர் மார்க்கெட்டைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், ஒவ்வொருவரும் ஒரு மார்க்கெட்டைச் சொல்வார்கள். நாலு பக்கமும் வளைவுத் தாழ்வாரம், நடுவே முற்றம். ஒருவருக்கு அது பழைய புத்தகம். இன்னொருவருக்குக் கிராமபோன் தட்டு. வேறொருவருக்குக் கிளியும் புறாவும் நாய்க்குட்டியும் விற்கிற சந்து. அங்கே வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. வேண்டிய புத்தகத்தைக் கையில் எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற வேண்டாத புத்தகத்தை எடுத்துப் புரட்டி, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி வைத்துவிட்டு, போகிற போக்கில் "இது என்னா?" என்று வேண்டியதைக் காலால் காட்டாத குறையாகக் கேட்க வேண்டும். கடைக்காரர் அதற்கும் மேலே. நம் கண் முதலில் எதில் போய் விழுந்தது என்பதை நாம் கடைக்குள் நுழையும்போதே குறித்துவைத்திருப்பார். சொன்ன விலையில் நாலில் ஒன்று கேட்டால் திட்டு விழும், பாதியில் முடியும். திட்டு வாங்காமல் வந்தவன் ஏமாந்தவன் என்று அர்த்தம்.

1913இல் ரிப்பன் மாளிகை. உள்ளாட்சிக்கு வழி திறந்துவிட்ட வைஸ்ராய் ரிப்பன் பெயரில், லோகநாத முதலியார் கட்டிய வெள்ளை மாளிகை. செலவு ஏழரை லட்சம். பூங்காவைப் பராமரிக்க வேண்டிய மாநகராட்சிக்கே பூங்காவில் வீடு. காவல்காரர் தோட்டத்துக்குள்ளேயே குடி வந்த மாதிரி.

பூங்காவின் இன்னொரு பகுதி விளையாட்டு மைதானமாயிற்று. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்ற பெயரில் 1956 முதல் சுமார் பத்து வருடம் டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. அந்த முதல் டெஸ்ட், ஜனவரி 1956, நியூசிலாந்துக்கு எதிராக. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஜோடியாக 413 ஓட்டம் எடுத்தார்கள். 52 வருடம், 2008 வரை, அந்த உலகச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. சேப்பாக்கத்தில் நடந்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இல்லை, பீப்பிள்ஸ் பார்க் மண்ணில் நடந்தது. பிறகு அது நேரு ஸ்டேடியம் ஆகி, 1990களில் புதுப்பிக்கப்பட்டு, 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளைக் கண்டது.

இந்தப் பக்கம் இதெல்லாம் நடக்க, கிழக்குப் பக்கம் ரயில்வே. சென்ட்ரல் ஸ்டேஷன் 1873இல் வந்தது, அதாவது பூங்காவுக்குப் பிந்தியது. வந்த நாளிலிருந்து அதற்கு இடம் போதவில்லை. நகரம் வளர, புறநகர் ரயில்களுக்குத் தனி முனையம் தேவைப்பட்டது. ஸ்டேஷனை ஒட்டி இருந்தது மூர் மார்க்கெட். அந்த நிலத்தை ரயில்வேக்குக் கொடுப்பது, வியாபாரிகளை வேறிடத்துக்கு மாற்றுவது என்ற பேச்சு எண்பதுகளில் ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் ஒப்பவில்லை. 1985 மே 30 அன்று மார்க்கெட் எரிந்தது. புத்தகக் கடைகள் எரிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மார்க்கெட் நின்ற இடத்தில் இன்று புறநகர் முனையம். ரயில்வேயின் பேச்சுவழக்கில் அதற்கு இன்னும் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்றுதான் பெயர். அறிவிப்புப் பலகையில் எம்.எம்.சி. என்று பார்த்திருப்பீர்கள். அது இதுதான்.

அதே 1985இல், தீ விபத்து நடந்து இரண்டு மாதம்கூட ஆவதற்குள், ஜூலை 24 அன்று வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். அதற்கென்று 1976இலேயே காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கியிருந்தார்கள். உயிர் காலேஜ் அங்கே போயிற்று. மிருகங்களுக்கு இது விடுதலை, அதில் சந்தேகமே இல்லை. அந்தத் தேய்ந்த சிமெண்டைப் பார்த்த எவனும் திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டான். ஆனால் மிருகங்கள் இருந்ததுதான் பூங்காவுக்கு மிஞ்சியிருந்த ஒரே காவல். நூறு வருடமாக ஜனங்கள் டிக்கெட்டோ டிக்கெட் இல்லாமலோ உள்ளே வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் வண்டலூருக்குப் போனபின் யாரும் 'பார்க்குக்குப் போகலாம்' என்று கிளம்பவில்லை. என் கணக்கில் பீப்பிள்ஸ் பார்க் முடிந்த வருடம் 1985.

சிலர் இதற்கு வெள்ளைக்காரனைத் திட்டுவார்கள், சிலர் சுதந்திரத்துக்குப் பின் வந்தவர்களைத் திட்டுவார்கள். தேதிகளைப் பார்த்தால் இருவரும் சமமாகத்தான் கடித்திருக்கிறார்கள். மண்டபம், மார்க்கெட், மாளிகை மூன்றும் அவர்கள் காலத்தில். ஸ்டேடியம், கடை வளாகம், ரயில் முனையம் நம் காலத்தில். ராஜாவின் பூங்காவென்றால் ராஜா சண்டைக்கு வருவார். இதற்கு ஜனங்கள்தான் சொந்தக்காரர்கள், எடுத்துக்கொண்டதும் ஜனங்களுக்காகத்தான். யார் போய் யாரிடம் புகார் கொடுப்பது?

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. பார்க் ஸ்டேஷனில் இறங்கி சுரங்கப்பாதை வழியாக எதிர்ப்பக்கம் ஏறினால் புறநகர் முனையம். அந்த வளாகத்தில் மூர் மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், வளைவுகளோடு. டிக்கெட் வரிசையில் நிற்பவர்கள் அதற்குப் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து மேற்கே நடந்தால் விக்டோரியா ஹால், அதை அடுத்து ரிப்பன் மாளிகை. உங்கள் காலுக்குக் கீழே மெட்ரோ ஸ்டேஷன், 2018இல் வந்தது. பின்பக்கம் போனால் ஸ்டேடியம். அதற்கு அருகே மை லேடீஸ் பூங்கா. 116 ஏக்கரில் 'பூங்கா' என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது அந்தத் துண்டுதான். பெஞ்சில் பெரியவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஒருவராவது உயிர் காலேஜில் யானைமேல் ஏறிய கதையைச் சொல்வார்.

திரும்பும்போது விக்டோரியா ஹால் முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பழைய கல் நீரூற்று ஒன்று இருக்கும். ட்ரெவெல்யன் ஞாபகமாக வைத்தது. பூங்காவை உண்டாக்கியவர் என்பதற்காக அவர் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்.